களத்தில் சேர்! களஞ்சியத்தில் பதி!

1964 சனவரி 25-ஆம் நாள் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி தமிழ் வாழத் தம் உடலைத் தீக்கு ஈந்தது திருச்சிராப்பள்ளித் தொடர்வண்டி நிலையத்தில். அந்நிலையத்தின் வழியே இன்று நாள்தோறும் காலையில் பொறியியற் கல்லூரிப் பேருந்துகள் செல்கின்றன. மணப்பாறையினின்றும் துறையூரினின்றும் முசிறியினின்றும் வந்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே பயின்ற பிள்ளைகள் அவற்றில் அமர்ந்திருக்கின்றனர். கணிப்பொறி ஆய்வகத்துள் நுழைந்த சின்னாளிலேயே அவர்கள் நெட்டுருச் செய்ய வேண்டியவை ஒரு பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள்: 'இனிட்', 'குளோன்', 'ஆட்', 'கமிட்', 'பிராஞ்சு', 'மெர்சு', 'புசு', 'புல்', 'ரிவர்ட்', 'ரீசெட்' என்றிவை போல்வன. சொல் வாயில் நிற்கிறது; பொருள் நெஞ்சில் நிற்பதில்லை. நள்ளிரவு வரை விழித்திருந்து எழுதிய நிரலை, பொருள் தெரியாது தட்டிய ஒரு கட்டளையால் இழந்துவிட்டுக் கண்கலங்கி நிற்கும் மாணவன் எந்தக் கல்லூரிக்கும் புதியவன் அல்லன். அவன் அறிவிலி அல்லன். அறியாத மொழியில் அறிவைப் பெறும்படி பணிக்கப்பட்டவன்.

அக் கட்டளைகளை இகழ்வதும் தள்ளுவதும் ஈண்டு நோக்கமில்லை. அவையின்றி இன்று எந்த மென்பொருள் நிறுவனத்திலும் ஒருவன் ஒரு நாள் வேலை செய்ய இயலாது. அவை செய்யும் வேலை ஒவ்வொன்றுக்கும் தமிழனின் கழனியிலும் ஆற்றிலும் கல்வெட்டிலும் சுவடியிலும் பெயர் உண்டு என்பதும், அப்பெயரால் கற்பித்தால் மாணவன் ஒரே நாளில் உணர்வான் என்பதுமே இங்கு நாட்டப்படுவன.

மென்பொருள் என்பது பல்லாயிரம் வரிகள் கொண்ட ஓர் எழுத்து. அதைப் பலர் ஒரே நேரத்தில் எழுதுகின்றனர், நாள்தோறும் திருத்துகின்றனர். நேற்று ஓடிய நிரல் இன்று ஓடவில்லை எனின், இடையில் எவர், எந்த வரியை, எந்த நாளில், என்ன கரணியத்தால் மாற்றினார் என்று அறிந்தாக வேண்டும். வேண்டுமாயின் நேற்றைய நிலைக்குத் திரும்பவும் வேண்டும். இதற்கு அமைந்த கருவியே பதிப்புக் கட்டுப்பாடு. 1972-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதற்கு முதற் கருவிகளுள் ஒன்று தோன்றியது. 1980-களிலும் 2000-ஆம் ஆண்டையொட்டியும் வேறு சில வந்தன. இன்று உலகில் பெருவழக்காய் இருப்பது 2005 ஏப்பிரலில் பிறந்த 'கிட்'. வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. ஆகலின் அதனைக் 'கிட்டு' என்பதே தமிழ்நாவுக்கு இயல்பு. கிட்டுதல் என்றால் கைக்கு எட்டுதல். பெயராவது தமிழில் நன்றாக விழுந்தது!

அது பிறந்த வரலாறு தமிழர் கருதத்தக்கது. இலினக்சு என்னும் கட்டற்ற இயங்குதளத்தை உலகெங்குமுள்ள பொறியாளர்கள் கூடி எழுதினர். அவ்வெழுத்தைக் காக்க 2002 முதல் அவர்கள் நம்பியிருந்தது ஒரு தனி நிறுவனத்தின் கருவியை. 2005-இல் அந்நிறுவனம் விலையின்றி வழங்கிய உரிமத்தை நிறுத்திக்கொண்டது. அத்தனை பேர் உழைப்பும் அடுத்தவன் கொட்டிலில் கட்டிய மாடாய் நின்றது. இலினக்சைத் தோற்றுவித்த இலினசு தோர்வால்ட்சு வேறொருவர் கதவைத் தட்டவில்லை. சில நாள்களுக்குள் தாமே கிட்டை எழுதினார். அவர் பின்லாந்தில் சுவீடிய மொழி பேசும் சிறுபான்மையில் பிறந்தவர். அவ்வாண்டு சூலையில் கிட்டின் காப்புப் பொறுப்பு ஒரு சப்பானியர் கைக்குச் சென்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் கைகளில் பிறந்து வளர்ந்த கருவியைத் தமிழ்ப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்க முடியும் என்பார் என்ன விடை சொல்வார்?

கணிப்பொறியும் பண்டைத் தமிழனுக்குத் தெரியும் என்று மார்தட்டுவது பேதைமை. அத்தகு வீண்பேச்சால் தமிழ் பட்ட இழிவு போதும். ஆனால், எழுத்தைக் காத்தல், படியெடுத்தல், படிகளை ஒப்பிடுதல், மாற்றியவன் பெயரைப் பொறித்தல் ஆகிய தொழில்கள் தமிழகத்தில் பன்னூறாண்டு நடந்தவை. அவற்றுக்குச் சொற்களும் உண்டு.

திருவரங்கத்தைப் பாருங்கள். அக்கோயிலின் வரலாறாக வழங்கும் 'கோயிலொழுகு' என்றொரு நூல் இருக்கிறது. ஒழுகு என்பது கணக்கேட்டைக் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல். உள்ளே இருப்பதோ வடமொழி கலந்த மணிப்பவள நடை. அது ஒருவர் ஒரு காலத்தில் எழுதியதன்று. தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்த்தது. எவர், எந்த வரியை, எந்நாளில் சேர்த்தார் என்ற பதிவு அதில் இல்லை. ஆகலின் அதிலுள்ள செய்திகளை ஆய்வாளர் கல்வெட்டோடு உரசிப் பார்த்தே கொள்ள வேண்டியிருக்கிறது.

அதே கோயிலின் மதில்களிலும் மண்டபங்களிலும் உள்ள கல்வெட்டுகளோ வேறு வகையின. 1982-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் 24-ஆம் தொகுதியாக அவை அச்சேறின. ஒவ்வொன்றிலும் எந்த அரசன், அவனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, கொடுத்தவர் யார், கொடை யாது என்பன பெரும்பாலும் விளங்கக் கிடக்கின்றன. தமிழகக் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில் 'இவை இன்னான் எழுத்து' என்று கையெழுத்தும் இருக்கும். புதிய ஆணை வந்தால் பழையதைச் செதுக்கி அழிப்பது வழக்கமன்று. அடுத்த கல்லில் புதியது பொறிக்கப்படும்.

கிட்டின் 'கமிட்' முற்றிலும் இதுவே. செய்தவன் பெயர், நாளும் நேரமும், செய்த மாற்றம், கரணியம் கூறும் குறிப்பு ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு பொறிப்பு அது. ஒவ்வொரு பொறிப்புக்கும் 40 குறிகள் கொண்ட ஓர் அடையாளம் கணக்கிட்டுத் தரப்படுகிறது. அக்கணக்கில் முந்தைய பொறிப்பின் அடையாளமும் அடங்கும். பழைய ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் பின்வந்தவை அனைத்தின் அடையாளமும் மாறிவிடும், களவு வெளிப்படும். 'கமிட்' என்னும் சொல்லை மாணவன் ஆங்கில அகரமுதலியில் தேடினால் 'குற்றஞ்செய்', 'ஒப்படை', 'உறுதிகூறு' என்று பொருள்கள் வந்து குழப்பும். 'பதி' என்று சொல்லிப் பாருங்கள். கல்லில் பதிவதும் ஏட்டில் பதிவதும் நெஞ்சில் பதிவதும் ஒன்றே.

'குளோன்' என்பது பிறரிடமுள்ள களஞ்சியத்தை, அதன் முழு வரலாற்றோடும் தன் கணிப்பொறிக்குக் கொண்டுவருதல். இதற்குச் சிலர் 'நகலெடு' என்கின்றனர். நகல் அரபுச் சொல். பழங்கோயிலைப் புதுக்கிக் கட்டும்போது பழைய கல்வெட்டைப் பார்த்துப் புதிய கல்லில் வெட்டி, அது 'பழங்கற்படி' என்று குறித்த வழக்கம் சோழர் காலத்தில் இருந்தது. படி இருக்க நகல் எதற்கு? 'படியெடு' என்க. கிட்டில் எடுக்கும் ஒவ்வொரு படியும் முழுமையானது. மூலக் களஞ்சியம் தீக்கிரையாயினும் எவரேனும் ஒருவரிடமுள்ள படியிலிருந்து அனைத்தையும் மீட்கலாம். ஓலைச்சுவடிகளுள் பிழைத்தவை பிழைத்த கதையும் இதுதான். ஓரூரில் செல்லரித்தது, மற்றோரூரில் ஒரு படி கிடந்தது.

மாணவர் மிகுதியும் தடுமாறுவது 'ஆட்', 'கமிட்' என்னும் இரண்டுக்கும் இடையே. ஒருமுறை சேர்த்தாகிவிட்டதே, மறுபடி ஏன் பதிய வேண்டும் என்று கேட்கின்றனர். ஆங்கில நூல் இதற்குக் கூறும் விளக்கத்தில் 'மேடைப் பகுதி' என்றொரு சொல் வருகிறது. காவிரிக் கரைப் பிள்ளைக்கு அது எந்த மேடை என்றே விளங்குவதில்லை. அவனிடம் களத்தைச் சொல்லுங்கள். அறுத்த கதிரெல்லாம் நேரே களஞ்சியத்துக்குப் போவதில்லை. கட்டுக்கட்டாய்க் களத்துக்கு வருகிறது. அடித்து, தூற்றி, பதர் நீக்கிய பின்னரே நெல் களஞ்சியம் சேர்கிறது. வயல் என்பது மாணவன் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு. 'ஆட்' என்பது களத்தில் சேர்த்தல். 'கமிட்' என்பது களஞ்சியத்தில் பதிதல். பத்துக் கோப்புகளை மாற்றியவன், ஒரே நோக்கத்திற்குரிய மூன்றை மட்டும் களத்தில் சேர்த்துப் பதியலாம். எஞ்சிய ஏழும் வயலிலேயே நிற்கும். வயலில் எது, களத்தில் எது என்று காட்டுவது 'சுடேட்டசு'. அதனை 'நிலை' எனலாம். களம் என்ற சொல்லும் களஞ்சியம் என்ற சொல்லும் எவ்வளவு அழகாக ஒட்டி நிற்கின்றன! எவரும் புதிதாய்ப் புனைய வேண்டியதில்லை. நெல் விளையும் நாட்டில் அவை கிடக்கின்றன.

இரு நிலைகளை ஒப்பிட்டு வரிக்கு வரி மாற்றம் காட்டும் கட்டளை 'டிப்' எனப்படுகிறது. இது சுவடிப் பதிப்பாளர் தொழில். திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரனாரிடம் தமிழ் பயின்ற உ. வே. சாமிநாதர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது பல சுவடிகளை ஒப்பிட்டே மூலத்தை நிறுவினார். அவர் காலத்தார் 'பாடபேதம்' என்றது வடசொல். 'வேறுபாடு' என்பதே போதும். பதியும் முன் ஒருமுறை வேறுபாடு பார்ப்பவன் பாதிப் பிழையைக் களத்திலேயே களைந்துவிடுவான்.

'பிராஞ்சு' என்பது கிளை. இதனை விளக்கக் கரும்பலகையும் வேண்டா. முக்கொம்புக்கு அழைத்துச் சென்றால் போதும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே அங்குதான் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகிறது. 1836-இல் மேலணை எழுந்ததும் அங்கே. இரண்டும் இருபுறமும் தனித்தனியே ஓட, நடுவில் திருவரங்கம் தீவாய் நிற்கிறது. ஒன்றில் வெள்ளம் வந்தாலும் மற்றொன்றில் பாசன நீர் அளவோடு ஓடும். மென்பொருளிலும் ஓடிக்கொண்டிருக்கும் முதன்மை நிரலைக் கெடுக்காது புதியதொன்றை முயன்று பார்க்கக் கிளை பிரித்துக்கொள்கின்றனர். கிளைவிட்டுக் கிளை செல்ல 'மாறு'. முயற்சி முற்றியதும் 'இணை'. கல்லணையருகே காவிரியின் மிகுநீர் உள்ளாற்றின் வழியே மீண்டும் கொள்ளிடத்தைச் சேர்வது போன்றது இணைப்பு. சில கிளைகள் நெடுங்காலம் இணையாமலே கிடப்பதும் உண்டு. திருவரங்கத்துத் தெற்குக் கோபுரம் நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாய் நின்று 1987-இல்தானே நிறைவெய்தியது!

இருவர் ஒரே வரியை இருவேறு வகையாகத் திருத்தியிருந்தால் இணைப்பில் முரண் தோன்றும். கிட்டு எவர் பக்கமும் சாயாது. இருவர் எழுத்தையும் ஏழேழு குறிகளால் பிரித்துக் கோப்பிலேயே காட்டிவிட்டு நின்றுவிடும். எது வேண்டும் என்று மாந்தனே தீர்மானிக்க வேண்டும். மாணவர் பலர் அக்குறிகளைக் கண்டதும் கணிப்பொறி கெட்டுவிட்டது என்று அஞ்சுகின்றனர். கெடவில்லை. இரு சுவடியில் இரு சொல் இருக்கக் கண்ட பதிப்பாசிரியன் இடம் அது. குறிகளை நீக்கி, கொள்ளத்தக்கதை இருத்தி, மீண்டும் களத்தில் சேர்த்துப் பதிய வேண்டியதுதான்.

இனி, கண்ணீர் வரவழைக்கும் கட்டளைக்கு வருவோம். 'ரிவர்ட்', 'ரீசெட்' என்ற இரண்டும் 'பின்னே போ' என்றே மாணவன் காதில் விழுகின்றன. ஆனால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. முன்னது, தவறான பொறிப்பை அழிக்காமல், அதனை நேர்செய்யும் எதிர்ப்பொறிப்பு ஒன்றைப் புதிதாய் வெட்டுவது. வரலாறு அப்படியே நிற்கும். 'மாற்றுப்பதி' என்று சொன்னால் மயக்கம் இல்லை. பின்னது, கிளையின் நுனியையே பழைய பொறிப்புக்கு இழுத்துச் செல்வது. அதனோடு 'ஆர்டு' என்ற ஒட்டும் சேர்ந்தால் வயலிலும் களத்திலும் பதியாது கிடந்த மாற்றம் முழுதும் போய்விடும். அதற்குப் 'பின்னிழு' என்றும், ஒட்டுச் சேர்ந்த வடிவுக்கு 'அழித்துப் பின்னிழு' என்றும் பெயரிட்டால், எந்தப் பிள்ளையும் விரல் வைக்குமுன் ஒரு நொடி நிற்பான். அந்த ஒரு நொடிதான் தாய்மொழி தரும் காப்பு. ஒருமுறை பதிந்தவற்றைக் கிட்டு உடனே கைவிடுவதில்லை என்பதையும் கற்பிக்க வேண்டும். நுனி எங்கெங்கு இருந்தது என்னும் குறிப்பேடு 'ரெப்லாக்' என்ற பெயரில் உண்டு. கைவிடப்பட்ட பொறிப்பும் பொதுவாக 30 நாள் வரை அதன்வழி மீட்கத்தக்கது. பதியாததற்கோ மீட்சியில்லை. ஆகலின் அடிக்கடி பதிக!

'புசு' (இப்படி எழுதவே தமிழெழுத்துக் கூசுகிறது) தன் பொறிப்புகளைப் பொதுக்களஞ்சியத்துக்குச் செலுத்துதல்; 'புல்' அங்குள்ளவற்றைப் பெற்றுத் தன்னதில் இணைத்தல். பிறர் செலுத்தியதைப் பெறாமல் தான் செலுத்தப் புகுந்தால் கிட்டு மறுக்கும். வலிந்து செலுத்தினால் பிறர் உழைப்பு அழியும். செலுத்து, பெறு, இரண்டும் எளியன. அரைகுறையாய் நிற்கும் வேலையைத் தற்காலம் மூடிவைக்கும் 'சுடாசு'க்கு 'ஒதுக்கு' போதும். பொறிப்புகளை வரிசையாய்க் காட்டும் 'லாக்' வரலாறு. வெளியீட்டுக்குப் பெயர் சூட்டும் 'டேக்'கை 'முத்திரை' என்று சிலர் எழுதுகின்றனர். அது வடசொல், 'பெயரிடு' என்க.

"கட்டளையைக் கணிப்பொறி ஆங்கில எழுத்தில்தானே ஏற்கிறது? தமிழ்ச்சொல்லால் யாது பயன்?" என்று வினவுவார் உளர். வினா முறையானதே. விரல் தட்டுவது அவ்வெழுத்துகளைத்தான். சுவீடியனும் வியத்நாமியனும் அவற்றையே தட்டுகின்றனர். ஆனால் கிட்டு திருப்பிச் சொல்லும் செய்திகளை அவர்கள் தம் மொழிகளில் பெயர்த்து வைத்துக்கொண்டு படிக்கின்றனர். கட்டளை ஒரு குறி. வேதியியலில் நீரைக் குறிக்கும் குறியைப் போன்றது. குறியை எழுதுபவன் நெஞ்சில் 'நீர்' இருக்க வேண்டும். சொல்லின் தெளிவு ஆங்கிலத்தார்க்கே இன்றியமையாதது என்பதற்குக் கிட்டே சான்று. 'செக்கவுட்' என்ற ஒரே கட்டளை கிளை மாறவும் கோப்பை மீட்கவும் பயன்பட்டு எல்லாரையும் குழப்பியதால், 2019 ஆகத்தில் 'சுவிட்ச்', 'ரெசுடோர்' என இரு தனிக் கட்டளைகள் ஆக்கப்பட்டன. முதற் கிளைக்கு 'ஆண்டான்' என்று பொருள்படும் பெயர் இருந்ததை, அடிமைமுறையை நினைவூட்டுவது என்று பலர் வெறுத்தனர். 2020-இல் கிட்டுப் பெருங்களஞ்சியத் தளம் ஒன்று புதிய களஞ்சியங்களுக்கு அப்பெயரை மாற்றிற்று. சொல்லில் என்ன இருக்கிறது என்பாரைத் தமிழ்நாட்டில் மட்டுமே காணலாம் போலும்!

அன்றியும், தமிழில் இன்றே எழுதக்கூடிய இடங்கள் கிட்டில் பல உள. கிளைப்பெயர் தமிழில் இருக்கலாம். 'முதன்மை' என்றே பெயர்வைத்துத் தொடங்கலாம். வெளியீட்டுப் பெயரும் தமிழில் இருக்கலாம். எல்லாவற்றினும் மேலாக, பொறிப்போடு எழுதும் குறிப்பு தமிழில் இருக்கலாம். இங்குதான் உண்மையான இழப்பு நடக்கிறது. ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதக் கூசும் மாணவன் 'பிக்சு', 'அப்டேட்' என்று ஒற்றைச் சொல்லை எழுதிப் பதிந்துவிடுகிறான். ஆறு திங்கள் கழித்து அதைப் பார்க்கும் அவனுக்கே அது எதற்கென்று தெரியாது. "தேர்வுக் கட்டணம் இருமுறை கழிந்த பிழை நீங்கியது, பொத்தானை இருகால் அழுத்தியதே கரணியம்" என்று தமிழில் அவனால் எழுத முடியும். அக்குறிப்புக்கும் அவ்வொற்றைச் சொல்லுக்கும் உள்ள இடைவெளி, கல்வெட்டுக்கும் கோயிலொழுகுக்கும் உள்ள இடைவெளி. அயல்நாட்டாரோடு சேர்ந்து எழுதும் நிறுவனத்தில் அவர்களுக்கும் விளங்கும் மொழியில் எழுதுவதைக் குறைகூற முடியாது. கல்லூரிச் செய்முறைக்கும் தமிழ் மென்பொருளுக்கும் எதற்கு ஆங்கிலக் குறிப்பு?

தமிழ்க் கோப்புப் பெயருக்கு ஓர் இடையூறு உண்டு. 'தமிழ்' என்று பெயரிட்ட கோப்பைப் பற்றிக் கிட்டின் நிலையைக் கேட்டால் அப்பெயர் திரையில் தோன்றாது; 340, 256, 244 என்று தொடங்கி மும்மூன்று இலக்கமாய்ப் பதினைந்து எண்கள் சாய்கோடுகளோடு வரும். ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று எண். ஆங்கிலமல்லாத எழுத்தை எண்ணாக்கிக் காட்டுவதே கிட்டின் பிறவி வழக்கம். இதைக் கண்ட மாணவன் தமிழ் உடைந்துவிட்டது என்று எண்ணி, அன்றோடு கோப்புக்கு ஆங்கிலப் பெயர் வைக்கத் தொடங்குகிறான். உடையவில்லை. 'கோர்.குவோட்பாத்' என்னும் அமைப்பைப் 'பால்சு' என்று ஒரே ஒருமுறை மாற்றிவிட்டால் தமிழ் தமிழாகவே தோன்றும். ஒரு வரிச் செய்தி. இதனைச் சொல்லித் தராத கரணியத்தால் எத்தனை கோப்புகள் பெயர் மாறின!

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலைத் தமிழ்வழியில் தொடங்கியபோது கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலுமே அதில் இடம்பெற்றன, கணிப்பொறியியல் இடம்பெறவில்லை. பாடநூல் இல்லை, சொல் இல்லை என்பது அக்காலை எங்கும் கேட்ட பேச்சு. நிரல்மொழியே தமிழில் இயலும் என்று காட்டிய 'எழில்' என்னும் மொழி அதன்பின் உலவுகிறது. அதன் மூல நிரலும் கிட்டுக் களஞ்சியத்திலேயே காக்கப்படுகிறது. சொல் இல்லை என்பது பொய். சொல்ல மனமில்லை என்பதே மெய்.

அரசாணைக்கும் பாடநூற் குழுவுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. திருச்சிராப்பள்ளிக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் நாளைக் காலையிலேயே ஆய்வகக் கரும்பலகையில் எழுதிப் போடலாம்: தொடக்கு, படியெடு, நிலை, வேறுபாடு, சேர், பதி, வரலாறு, கிளை, மாறு, இணை, பெறு, செலுத்து, ஒதுக்கு, மாற்றுப்பதி, பின்னிழு. ஒவ்வொன்றின் எதிரிலும் தட்டவேண்டிய குறியை எழுதட்டும். மாணவர் ஒவ்வொருவரும் 'தமிழ்' என்று ஒரு கோப்பைத் தொடங்கட்டும். எண்கள் வரக் கண்டு, அமைப்பை மாற்றித் தமிழ் வரக் காணட்டும். களத்தில் சேர்த்து, என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று இரண்டு வரி தமிழில் எழுதி, இவை இன்னான் எழுத்து என்று தம் பெயர் நிற்கப் பதியட்டும்.